ரேடியோவிலிருந்து பதிந்த பங்க் கேசட்டுகள்: காசு கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒலிபரப்பான ஹார்ட்கோர் பங்க் (வேகமும் அலறலுமான ராக் இசை) நிகழ்ச்சிகளில் ஏதாவது இன்று கேட்கக் கிடைக்கிறதென்றால், பெரும்பாலும் அதற்கு நேயர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். கல்லூரி நிலையங்களும் நேயர் நன்கொடையில் ஓடிய நிலையங்களும் ஒலிபரப்பியதையெல்லாம் டேப்பில் எடுத்துப் பத்திரப்படுத்தும் நிலைமையில் இல்லை. ராத்திரி நேரத்தில் ரேடியோ பக்கத்தில் வெற்று கேசட்டோடு காத்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் பதிந்து வைத்தார்கள். அந்தக் கேசட்டுகளைத் தேடிப் போய் 1200 டாலருக்குக் குறையாமல் செலவழித்தேன். ஏறத்தாழ ஒரு வருஷத்து வாரக்கடைசிகளும் அதிலேயே போயின. கையில் மிஞ்சியது கொஞ்சம்தான். இந்த வழியில் போகும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு ஒருத்தர்கூட முன்னால் சொல்லவில்லை. கேட்பதற்கு ஆளும் இல்லை. இங்கே இருக்கும் நம் நண்பர்களிடம் பங்க் என்று பேச்செடுத்தால், இளையராஜாவுக்கு வா என்று இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் எம்.எஸ். படித்த காலத்தில் ராத்திரி லேபில் துணைக்கு இருந்தது பல்கலைக்கழக நிலையமான கே.ஏ.எல்.எக்ஸ்., 90.7. அதில் ஓடிய பழைய பங்க் பாட்டுகளிலிருந்து தொற்றிக்கொண்ட பைத்தியம் இது. கொஞ்சம் படித்ததும், இதெல்லாம் முதலில் காற்றேறிய நிகழ்ச்சி பக்கத்திலேயே இருந்தது தெரிந்தது. 1977-ல் டிம் யோஹானன் கே.பி.எஃப்.ஏ.வில், அதாவது 94.1-ல், தொடங்கிய மேக்சிமம் ராக்கன்ரோல். கே.பி.எஃப்.ஏ. 1949-லிருந்தே விளம்பரம் வாங்காமல் நேயர்கள் தரும் பணத்தில் நடக்கும் நிலையம். டெட் கென்னடிஸ் குழுவின் பாடகர் ஜெல்லோ பியாஃப்ரா, ரூத் ஷ்வார்ட்ஸ், ஜெஃப் பேல் எல்லோரும் அந்த மைக்கின் முன்னால் உட்கார்ந்தவர்கள். 1982-ல் இவர்கள் வடக்குக் கலிபோர்னியா, நெவாடா பக்கத்து 47 குழுக்களைச் சேர்த்து ஓர் இரட்டை இசைத்தட்டு போட்டார்கள். அதற்குள் மடித்து வைத்த சிறு இதழ்தான் பிறகு 2019 வரை அச்சில் வந்த பத்திரிகை. உலகத்து பங்க் ரசிகர்களுக்கு அந்தப் பத்திரிகையைத்தான் தெரியும், ஆனால் முதலில் வந்தது ரேடியோ. பத்திரிகையின் பழைய இதழ்களைத் தேடினால் கிடைக்கும். 1979-லோ 1981-லோ ஒரு ராத்திரி ஒலிபரப்பானது முழுதாகக் கிடைப்பது அபூர்வம். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இணையத்தில் ஒருத்தர் இரண்டு பெட்டி கேசட் விற்பதாகப் போட்டிருந்தார். மேக்சிமம் ராக்கன்ரோல், லாஸ் ஏஞ்சல்ஸ் கே.ஆர்.ஓ.க்யூ.வில் ராட்னி பிங்கன்ஹைமர் 1976-லிருந்து நடத்திய நிகழ்ச்சி, நியூயார்க் பல்கலைக்கழக நிலையமான டபிள்யூ.என்.ஒய்.யூ.வில் 1981-ல் டிம் சாமர் நடத்திய நாய்ஸ் தி ஷோ, எல்லாமே ரேடியோவிலிருந்து நேராகப் பதிந்த ஒரிஜினல் என்று எழுதியிருந்தார். விலை 600 டாலருக்குக் கொஞ்சம் மேல். "ஏங்க, பழைய பிளாஸ்டிக் டப்பாவுக்கு அறுநூறு டாலரா?" என்றாள் மனைவி. பிளாக் ஃபிளாக், சர்க்கிள் ஜெர்க்ஸ் என்ற பங்க் குழுக்களை ஊர் அறியாத காலத்திலேயே ரேடியோவில் போட்ட ராட்னியின் நிகழ்ச்சி, இது இன்னொரு தடவை வராது என்று நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேள்வியில் இருந்த நியாயம் பெட்டி வந்தபிறகுதான் உறைத்தது.

விளம்பரத்திலேயே ஒரு இடறல் உண்டு, கவனித்துக்கொள்ளுங்கள். எஃப்.எம். அலை சில பத்து மைல்தான் போகும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் மூன்றையும் ஒரே ஆள் தன் வீட்டிலிருந்து பதிந்திருக்க முடியாது. விற்றவரைக் கேட்டபோது தபாலில் மாற்றிக்கொண்டது என்றார். அந்தக் காலத்து ரசிகர்கள் அப்படி மாற்றிக்கொண்டது உண்மைதான். தெரியாத ஊர்க்காரனுக்குத் தன் ஊர் நிகழ்ச்சியைப் பதிந்து அனுப்புவான், பதிலுக்கு அவன் ஊர் நிகழ்ச்சி வரும். ஆனால் மாற்றிக்கொண்டது என்றாலே நகல் என்று அர்த்தம், ஒரிஜினல் ஆகாது. ஒவ்வொரு நகலுக்கும் இரைச்சல் கூடும், மேல் சுருதிகள் மங்கும். இரண்டு வார்த்தையும் ஒரே விளம்பரத்தில் இருந்தால் விலையைப் பாதியாகப் பேசுங்கள்.

என் பெட்டியில் நகல்களைவிட மோசமான சங்கதி இருந்தது. 1982 என்று பேனாவால் எழுதிய ஒரு கேசட்டில் டாக் நாஸ்டியின் பாட்டு வந்தது. அந்தக் குழு உருவானதே 1985-ல். அங்கிருந்துதான் சந்தேகம் பிடித்தது. மீதியையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன், பெரும்பாதி சமீபத்தில் எவரோ தயாரித்தவை. எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறேன், இது எங்கும் ஒரே இடத்தில் எழுதிக் கிடைக்கவில்லை. முதலில் கேசட்டின் கூட்டைப் பாருங்கள். டி.டி.கே., மேக்ஸெல் எல்லாம் சில வருஷத்துக்கு ஒரு முறை கூட்டின் வடிவத்தையும் லேபிளையும் மாற்றியவை, எந்த வடிவம் எந்த வருஷம் என்று சேகரிப்பாளர்கள் படத்தோடு போட்டு வைத்திருக்கிறார்கள். நம் ஊர் ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பாட்டு பதிந்து வாங்கியவர்களுக்கு இது பழகிய கண்தான். 90களின் கூட்டில் 1981 என்று எழுதியிருந்தால், அது நகல் அல்லது பொய். அடுத்தது பேச்சு. அமெரிக்காவில் ஒவ்வொரு நிலையமும் மணிக்கொரு முறை தன் அழைப்பெழுத்தையும் ஊரையும் சொல்லியாக வேண்டும், அது சட்டம். சி-90 கேசட் ஒரு பக்கம் 45 நிமிஷம். பெட்டி முழுக்க ஓடியும் ஒரு தடவைகூட நிலையத்தின் பெயர் வரவில்லை, அறிவிப்பாளர் தும்மக்கூட இல்லை என்றால் அது ரேடியோ கிடையாது, யாரோ தொகுத்த பாட்டுப் பட்டியல்.

மூன்றாவது கொஞ்சம் தொழில்நுட்பம், ஆனால் காசு செலவில்லை. எஃப்.எம்.மில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை அனுப்புவதில்லை, 19-ல் ஸ்டீரியோவுக்கான பைலட் டோன் இருக்கும் என்பதால். கேசட்டைக் கணினியில் ஏற்றி, ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) பாருங்கள். ரேடியோவிலிருந்து வந்ததென்றால் 15-க்கு மேல் டேப் இரைச்சல் மட்டும்தான் இருக்க வேண்டும். அங்கே சிம்பலும் கிடாரும் 17, 18 வரை ஏறி நின்றால் அது இசைத்தட்டிலிருந்தோ சி.டி.யிலிருந்தோ வந்தது. என் கேசட்டுகளில் பல இப்படித்தான் காட்டிக்கொடுத்தன. இன்னொன்று, பாட்டுக்கு நடுவில் ஒரே ஒரு சொல் காணாமல் போயிருந்தால் அதைக் கேசட்டின் கோளாறு என்று தூக்கிப் போடாதீர்கள். கே.பி.எஃப்.ஏ.வைப் போலவே பசிஃபிகா அமைப்பைச் சேர்ந்த நிலையமான நியூயார்க் டபிள்யூ.பி.ஏ.ஐ. 1973-ல் ஒலிபரப்பிய ஜார்ஜ் கார்லின் நகைச்சுவை வழக்காகி, 1978-ல் உச்சநீதிமன்றம் வரை போய், கெட்ட வார்த்தையைக் கட்டுப்படுத்த அரசுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பானது. அதற்குப் பிறகு நிலையங்களுக்குப் பயம், அந்தச் சொல் வரும் இடத்தில் ஒலியை அணைத்துவிடுவார்கள். பங்க் பாட்டில் அந்த வார்த்தை இல்லாத பாட்டை எண்ணிவிடலாம். அந்த ஓட்டை நிஜமான ஒலிபரப்புக்கு ஒரு சாட்சி.

விற்றவருக்கு எழுதினேன். பதில் இல்லை. பணத்தைத் திரும்பக் கேட்கும் கெடு அதற்குள் முடிந்துவிட்டது, ஏனென்றால் கேசட்டைப் போட்டுப் பார்க்க எனக்கு டெக் (கேசட்டை ஓட்டும் கருவி) கிடைக்கவே அவ்வளவு நாள் ஆனது. ஆகவே டெக் தயாராக இல்லாமல் கேசட் வாங்காதீர்கள். டெக் கதை தனி வயிற்றெரிச்சல். சர்வீஸ் செய்தது என்று சொல்லி 350 டாலருக்கு ஒரு கடை விற்ற டெக், நான் போட்ட இரண்டாவது கேசட்டைத் தின்றது. பெல்ட்டுகளை மாற்றவே இல்லை அவர்கள். ரப்பர் பெல்ட் இத்தனை வருஷத்தில் இளகி, கறுத்த வெல்லப்பாகாக உள்ளே சுழலும் ஃபிளைவீல் சக்கரத்தில் ஒட்டிக் கிடந்தது. அதைச் சுரண்டி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது, விரல் நுனியில் கறை ஒரு வாரம். சர்வீஸ் செய்தது என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: பெல்ட் புதிதா, பிஞ்ச் ரோலர் (டேப்பை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளை) மாற்றியதா அல்லது துடைத்ததா, வேகத்தை எதை வைத்துச் சரிபார்த்தீர்கள். மூன்றாவது கேள்விக்கு முழித்தால் வெளியே வந்துவிடுங்கள். புது டெக்கில் முதலில் போட வேண்டியது போனால் போகிறது என்கிற கேசட், பொக்கிஷத்தை அல்ல.

டெக்கின் மேல் நம்பிக்கை போனதால், மிஞ்சியதில் நிஜமானவை என்று தேறியவற்றை, டிஜிட்டலாக மாற்றித் தரும் ஒரு சேவைக்கு அனுப்பினேன். 200 டாலர் போல வாங்கினார்கள். திரும்பி வந்ததைக் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது. இரைச்சல் நீக்குகிறேன் என்று மென்பொருளை ஓட்டி, கிடாரையும் சேர்த்து வழித்து எடுத்துவிட்டிருந்தார்கள். ஹார்ட்கோர் கிடாரும் டேப் இரைச்சலும் ஒரே இடத்தில் வாழ்கிறவை, மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது. எல்லாம் தண்ணிக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி. அது பரவாயில்லை. பாட்டுக்கு நடுவில் இருந்த பேச்சையெல்லாம் வெட்டி, ஒவ்வொரு பாட்டையும் தனித்தனி எம்.பி.3 ஆக்கியிருந்தார்கள். போனில் கேட்டேன். "வாடிக்கையாளர்களுக்குப் பாட்டுதானே வேண்டும்" என்றார் அந்தப் பெண், நிஜமாகவே புரியாமல். அன்றைக்கு அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பாட்டு எல்லாம் இன்று எங்கும் கிடைக்கிறது. அந்த 47 குழு இசைத்தட்டும் கிடைக்கிறது. பேச்சு கிடைக்காது. இந்த வாரம் சான் ஃபிரான்சிஸ்கோவின் பங்க் கிளப்பான மபுஹே கார்டன்ஸில் யார் வாசிக்கிறார்கள், எந்தக் குழு வேனுக்குப் பெட்ரோல் இல்லாமல் எந்த ஊரில் மாட்டிக்கொண்டிருக்கிறது, எந்த நேயர் எந்தப் பாட்டைத் திட்டிக் கடிதம் போட்டிருக்கிறார், இதெல்லாம் கேசட்டில் மட்டும் இருக்கிறது. இதில் ஒரு முரண் உண்டு. அக்கறையான நேயர்கள் அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் பாஸ் பட்டனை அழுத்திவிடுவார்கள், டேப் விலை அப்படி, பாட்டு மட்டும் சுத்தமாகச் சேரும். பொறுப்பில்லாமல் ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போனவர்களின் கேசட்தான் இன்று விலைமதிப்பில்லாதது. வாங்கும்போது விற்பவரிடம் "பேச்சு இருக்கிறதா" என்று முதலில் கேளுங்கள். மாற்றித் தரும் இடத்துக்குக் கொடுத்தால் எழுத்தில் கொடுங்கள்: இரைச்சல் நீக்கக் கூடாது, எதையும் வெட்டக் கூடாது, ஒரு பக்கம் ஒரே கோப்பாக, ஒலியைச் சுருக்காத 24 பிட் வேவ் கோப்பாக வேண்டும். எம்.பி.3 பிறகு நாமே செய்துகொள்ளலாம்.

நல்லவேளை, கேசட்டுகளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஓக்லாந்தில் ஒரு பெரியவர், அந்தக் காலத்தில் நிஜமாகவே ராத்திரி உட்கார்ந்து பதிந்தவர், இன்னொரு சேகரிப்பாளர் மூலம் பழக்கமானார். கேரேஜில் ஒரு மேசை, ஒரு விளக்கு, கடிகாரக்காரர் வைத்திருப்பது மாதிரிச் சிறு திருப்புளிகள். அவர் முதலில் செய்தது கேசட்டைப் போடாமல் பார்ப்பது. ஜன்னல் வழியே டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூச்சு தெரிந்தால் பூஞ்சை, அதை டெக்கில் போட்டால் டெக்கும் கெடும், அடுத்த கேசட்டும் கெடும். பிறகு கீழ்ப்பக்கத்தில் நடுவில் இருக்கும் சின்ன ஃபெல்ட் துண்டைப் பார்த்தார். செம்பு நிறத் தகட்டில் ஒட்டியிருக்கும் அந்தத் துண்டுதான் டேப்பை ஹெட்டோடு, அதாவது டெக்கில் ஒலியைப் படிக்கும் பாகத்தோடு, அழுத்திப் பிடிக்கிறது. பழைய பசை காய்ந்து என் கேசட்டுகள் சிலவற்றில் அது உதிர்ந்தே போயிருந்தது. சேவைக்காரர்கள் அப்படியே ஓட்டியிருக்கிறார்கள், சத்தம் மங்கியதற்கு அதுவும் காரணம். அவர் ஐந்து திருகாணியைக் கழற்றி, இரண்டு சுருளையும் டேப்போடு அப்படியே தூக்கி, புதுக் கூட்டுக்குள் வைத்து மூடினார். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன். திருகாணி இல்லாமல் ஒட்டிய கூடு என்றால் கத்தியால் பிளக்க வேண்டும், அதை முதல் தடவையிலேயே நல்ல கேசட்டில் முயலாதீர்கள். சி-120 என்றால் இன்னும் ஜாக்கிரதை, டேப் மெல்லிசு, சுருங்கி மடியும்.

அசிமத் என்ற சமாச்சாரத்தையும் அவரிடம்தான் கற்றேன். பதிந்த டெக்கின் ஹெட் சற்றுச் சாய்ந்திருந்தால், நம் டெக்கின் ஹெட்டும் அதே சாய்வில் இருந்தால்தான் மேல் சுருதி கேட்கும். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு திருகாணி இருக்கும். இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்து வைத்து, மெதுவாகத் திருப்பிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் சிம்பல் பளிச்சென்று திறக்கும். அங்கே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும் திரும்பச் செய்ய வேண்டும், சலிப்பான வேலை, ஆனால் இரைச்சல் நீக்கும் மென்பொருள் எதுவும் கொடுக்காத பலனை இது கொடுக்கும். டால்பி (டேப் இரைச்சலைக் குறைக்கும் முறை) பட்டனை, பதியும்போது போட்டது என்று லேபிளில் எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள். வேகத்துக்கு அவர் வைத்திருந்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். சுவரில் செருகிய ரெக்கார்டர் அந்த ரீங்காரத்தைக் கொஞ்சமாவது டேப்பில் விட்டுவைக்கும். கணினியில் பார்க்கும்போது அது 61.5-ல் நின்றால் டேப் 2.5 சதவீதம் வேகமாக ஓடுகிறது, அந்த அளவு குறைத்தால் சரி. நம் டெக்கே தரும் ரீங்காரம் எப்போதும் 60-லேயே நிற்கும், அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பேட்டரி ரெக்கார்டரில் பதிந்ததென்றால் இந்த வழி உதவாது.

எனக்குக் கிடைத்த மிக நல்ல கேசட் அப்படிப் பேட்டரியில் பதிந்ததுதான். கே.பி.எஃப்.ஏ.யை ஃப்ரெஸ்னோவில் கே.எஃப்.சி.எஃப். என்ற நிலையம் 88.1-ல் அப்படியே வாங்கி மறு ஒலிபரப்பு செய்கிறது, அதனால் பெர்க்லியிலிருந்து மூன்று மணி நேர தூரத்தில், திராட்சைத் தோட்ட ஊரில் இருந்த பிள்ளைக்கும் இந்த நிகழ்ச்சி எட்டியது. வயர் போட்டுப் பதிய வசதி இல்லாமல், ரேடியோ முன்னால் ரெக்கார்டரின் மைக்கை வைத்துப் பிடித்திருக்கிறது அந்தப் பிள்ளை. பாட்டு ஓடும்போது கதவு திறக்கும் சத்தம், ஒரு அம்மா சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார், பிள்ளை "அம்மா, ரெக்கார்ட் ஆகுது!" என்று கத்துகிறது. பின்னால் இத்தாலிக் குழு ஒன்று தன்பாட்டுக்கு அலறிக்கொண்டிருக்கிறது. ஒலித்தரம் என்று பார்த்தால் படுமட்டம். பெட்டி முழுவதிலும் நான் திரும்பத் திரும்பக் கேட்பது இது ஒன்றைத்தான். பெரியவருக்கும் போட்டுக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, எங்கள் வீட்டிலும் இதே சண்டைதான், என் அம்மா பிளக்கையே பிடுங்கிவிடுவார் என்றார்.

மாற்றி முடித்த பிறகு எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். பாட்டின் உரிமை குழுக்களிடம், நிகழ்ச்சியின் உரிமை நிலையத்திடம், கேசட் மட்டும்தான் நம்முடையது. ஆகவே விற்பனைக்குப் போடாதீர்கள். கே.பி.எஃப்.ஏ. சம்பந்தப்பட்டது என்றால் லாஸ் ஏஞ்சல்ஸில் பசிஃபிகா வானொலிக் காப்பகம் இருக்கிறது, அவர்களுக்கு எழுதிக் கேட்கலாம். வாஷிங்டன் நகர நூலகத்தில் அந்த ஊர் பங்குக்கென்றே தனித் தொகுப்பு உண்டு, கார்னெல் பல்கலைக்கழகத்திலும் பங்க் தொகுப்பு உண்டு. கேசட்டோடு அட்டையையும் சேர்த்துக் கொடுங்கள், அட்டையில் பிள்ளை கிறுக்கிய பாட்டுப் பெயர் தப்பாக இருந்தாலும் திருத்தாதீர்கள். காதில் விழுந்ததை எழுதியிருப்பார்கள், எந்தப் பாட்டு அப்போதுதான் புதிதாக வந்தது என்று கண்டுபிடிக்க அந்தத் தப்புதான் சில நேரம் உதவும்.

தபாலில் அனுப்பும்போது பலர் எக்ஸ்ரேக்குப் பயப்படுகிறார்கள். எக்ஸ்ரே காந்த டேப்பை ஒன்றும் செய்யாது. ஸ்பீக்கர், மோட்டார் பக்கத்தில் வைக்காமல் இருந்தால் போதும். சுருள் இரண்டும் உள்ளே சுற்றித் தளர்ந்துவிடாமல் இருக்க, நடுத் துளைகளில் மடித்த காகிதத்தைச் செருகிவிடுங்கள். அனுப்பும் முன் ஒரு பக்கம் முழுக்க ஒரே சீராக ஓடவிட்டு, கடைசிவரை போனதும் அப்படியே எடுத்து வையுங்கள். வேகமாக ரீவைண்ட் செய்த கேசட் உள்ளே மேடும் பள்ளமுமாகச் சுற்றியிருக்கும், வழியில் வாங்கும் குலுக்கலில் டேப்பின் ஓரம் மடிந்துபோகும்.